கணினிக் கணக்கு: மூன்று சொற்கள்

கடையில் கணினி வைத்துள்ள நாம் மூன்று சொற்களையாவது அறிந்திருக்க வேண்டும்.

ரேம்: சிலேட்டுக் கணக்கு. மின்சாரம் நின்றால் அழிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்: நமது பேரேடு. 'சேவ்' செய்தால்தான் சிலேட்டில் உள்ளது பேரேட்டில் ஏறும்.

பேக்அப்: பேரேட்டின் நகல். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகலாம். எங்கள் மண்டியில் தினமும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். கடையிலேயே வைத்தால் தீயோ வெள்ளமோ இரண்டையும் அழித்துவிடும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கணினிக் கணக்குக்கு பேக்அப் அவசியம் என்கிறது விதி 57. 'கணினி கெட்டுவிட்டது' என்றால் அதிகாரியும் ஏற்கமாட்டார். பாக்கிக்காரரும் பணம் தரமாட்டார். இன்றிரவே நகல் எடுப்போம்!