நெடுநாள் ஓய்ந்திருந்த படகியந்திரம்



பாடசாலை அதிபர் ஒருவருக்குப் படகியந்திரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. யான் கலைப் பட்டதாரி; கற்றவை வரலாறும் தமிழும். ஆயினும் என் பாடசாலை கடற்கரையிலே இருக்கின்றது. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் தட்டுப்பாடு நேர்ந்தபோது எமது வகுப்பறை வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. அதுவரை லீற்றர் 87 ரூபாவாக விற்ற மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 340 ரூபாவாயிற்று. தகப்பன் கடலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளை முதலிற் பசியோடு வரும். பின்னர் வராமலே நின்றுவிடும். வரவுப் பதிவேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றேன். விறாந்தை மூலைகளிலே சாக்கினாற் போர்த்து நிறுத்திய வெளியிணைப்பு இயந்திரங்களைக் கண்டேன். எரிபொருள் மீண்டும் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அவற்றுட் பல அம்மூலைகளை விட்டு அகலவில்லை. “இயந்திரம் பழுதாய்ப் போயிற்று ஐயா, திருத்தக் காசில்லை” என்பதே எங்கும் விடை.

ஊரில் வேலை தெரிந்த ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தபோது யானும் உடனிருந்தேன். பெரும்பாலானவற்றில் உடைந்த உறுப்பு எதுவும் இல்லை. அவை ஓய்ந்து நின்றதனாற் கெட்டவையல்ல. நிறுத்திய விதத்தினாற் கெட்டவை. இன்னுஞ் சில, மீண்டும் தொடக்குகையிற் காட்டிய அவசரத்தினாற் கெட்டவை.

எமது கரையோரங்களில் வழங்கும் இயந்திரங்களுட் பல பெற்றோலிலே தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. ஆதலின் கரை சேருமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டே நிறுத்துதல் வேண்டும். களைத்து வருபவர் இதனை மறந்துவிடுவார். காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தேங்கிவிடும். பெற்றோல் தேங்கினாலும் கேடு உண்டு. அதன் மெல்லிய பகுதி சில மாதங்களில் ஆவியாகிப் போக, எஞ்சுவது மரப்பிசின் போன்ற ஒரு படிவு. காபரேற்றரிலே எரிபொருள் செல்லும் துளைகள் மிக நுண்ணியவை. மெதுவான ஓட்டத்துக்குரிய துளை அவற்றுள்ளும் நுண்ணியது. நெடுநாள் நின்ற இயந்திரம் வேகத்தில் ஓரளவு ஓடியும், வேகத்தைக் குறைத்தவுடன் நடுங்கி அணைந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கின்றேன். முதற்கண் கயிற்றை இழுக்கவேண்டாம். இதனைச் சற்று அழுத்தியே கூறுகின்றேன். பழைய எரிபொருள் முழுவதையும் தாங்கியிலிருந்தும் குழாயிலிருந்தும் வடித்துவிடுக. அடியிலே நீர் திரண்டு நிற்கக்கூடும். கண்ணாடிப் போத்தலில் வடித்தால் நீர் கீழே தெளிவாகத் தெரியும். பின்பு பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு சிறுகரண்டி இரு-வீச்சு இயந்திர ஒயிலை ஊற்றி, ஓரிரவு அப்படியே விடுக. மறுநாள் பிளக் இல்லாமலே கயிற்றை மெல்ல இழுத்துப் பார்க்க. உள்ளே ஆடுதண்டு தடையின்றி அசையுமாயின் பாதிக் கவலை தீர்ந்தது. அசையாவிடின் பலத்தைப் பிரயோகித்தல் ஆகாது. துருப்பிடித்து ஒட்டியிருக்கும், மேலும் சில நாட்கள் ஒயில் ஊறவேண்டும், அல்லது வேலை தெரிந்தவர் கையில் ஒப்படைக்கவேண்டும்.

அடுத்துக் காபரேற்றர். கிண்ணத்தைக் கழற்றிப் புதிய பெற்றோலாற் கழுவித் துளைகளில் காற்றை ஊதுக. ஊசியாலோ உருக்குக் கம்பியாலோ குத்துதல் பெரும் பிழை. துளை ஒரு மயிரளவு அகன்றாலும் எரிபொருளின் அளவு மாறிவிடும். மெதுவோட்டத்தைத் திருத்தும் திருகாணியைக் கழற்றுவதாயின், முதலில் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றென எண்ணிக் குறித்துக்கொள்ளுக. யான் பாடசாலைப் பிள்ளையைப் போல வெண்கட்டியாற் சுவரிலே எழுதி வைத்தேன். சிரித்தவர்கள் பின்னர் அதனையே பின்பற்றினர். இவ்வேலை நடக்குமிடத்தில் பீடியும் விளக்கும் அறவே கூடாது.

புதிய பெற்றோலோடு ஒயிலைக் கலக்கும் விகிதம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்; கைந்நூலில் உள்ளதே பிரமாணம். 50க்கு 1 என்றிருப்பின் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். “கொஞ்சம் கூடினால் நல்லதுதானே” என்பார் உளர். கூடினாற் புகை மிகும், பிளக் கரியாகும்; குறைந்தாலோ இயந்திரமே இறுகிவிடும்.

கீழ்ப்பகுதியிலுள்ள கியர் ஒயிலையும் வடித்துப் பார்க்க. பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. அடைப்பு வளையங்களை மாற்றவேண்டும்.

இனி நீர். இவ்வியந்திரம் தன்னைக் குளிர்விக்கும் நீரைக் கடலிலிருந்து தானே உறிஞ்சுகின்றது. அதற்கான பம்பியினுள்ளே இறப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று சுழல்கின்றது. நெடுநாள் ஒரே நிலையில் மடிந்து நின்ற இதழ்கள் நிமிர மறந்துவிடும்; சில வெடித்திருக்கும். நீரின்றி ஓட்டினாலோ அவை மிகச் சொற்ப நேரத்திற் கருகிவிடும். இதனை யான் நூலிற் படித்தறியவில்லை. ஒரு மாலைப் பொழுதில், ஓசையைக் கேட்டுவிடவேண்டும் என்னும் ஆசையால், மரத்தாங்கியிலே நின்ற இயந்திரத்தை நீரின்றியே தொடக்கினேன். ஓசை இனிமையாகத்தான் இருந்தது. மறுநாள் பம்பியைத் திறந்தபோது இதழ்கள் கிழிந்து கிடந்தன. அயல்வீட்டாரின் இயந்திரம் அது. இதழ்ச்சக்கரத்தின் விலையை யானே செலுத்தினேன்.

ஆதலின் பெரிய பீப்பா ஒன்றில் நன்னீரை நிரப்பி, இயந்திரத்தின் நீர் உறிஞ்சும் வாய் மூழ்கி, அதன் மேலும் ஒரு சாண் நீர் நிற்குமாறு பொருத்துக. அடைத்த கொட்டிலினுள் வேண்டாம். புகை உயிருக்கு ஆபத்தானது. கியரை நடுநிலையில் வைத்துத் தொடக்குக. முதலிற் புகை அடர்ந்து வருதல் இயல்பே. உள்ளே ஊற்றிய ஒயில் எரிகின்றது. நோக்கவேண்டியது பின்புறத்துச் சிறு துளையினின்று வரும் நீர்த்தாரையை. அது வராவிடின் உடனே நிறுத்துக. உப்பு அடைத்திருந்தால் அத்துளையை மெல்லிய கம்பியால் நீக்கலாம். அப்போதும் வராவிடிற் பம்பியைத் திறந்தே தீரவேண்டும்.

பலமுறை இழுத்தும் தொடங்கவில்லையா? பிளக்கைக் கழற்றிப் பார்க்க. உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் உண்டு, பொறி இல்லை. மெதுவாகச் சீராய் ஓடி வேகத்தில் மாத்திரம் மூச்சுத் திணறினால், தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகாணி திறந்திருக்கிறதா என்று பார்க்க. ஒருவர் இரண்டு நாள் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய பின்னரே அத்திருகாணியை நினைத்தார்.

பீப்பாவிலே சீராய் ஓடியது கடலிலும் ஓடும் என்று உடனே நம்பிவிடுதல் கூடாது. விசிறி நீரைத் தள்ளும் சுமை அங்கேதான் வருகின்றது. முதல் இரண்டு நாட்களும் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஓடுக. மேலதிகப் பிளக் ஒன்று, அதனைக் கழற்றும் சாவி, தொடக்கு கயிறு, இவற்றோடு துடுப்பு இரண்டும் படகில் இருக்கட்டும்.