புள்ளியில்லாத தவளை ஏன் பெருகவில்லை?

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மினசோட்டா, ஏரிகள் நிறைந்த மாநிலம். கோடையில் அங்கே ஈரப் புல்வெளியில் நடந்தால் சிறுத்தைத் தவளைகள் தாவி ஓடும். பச்சை அல்லது பழுப்பு முதுகு, அதில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளிகள். ஆனால் சில ஏரிப்பக்கங்களில், நூற்றுக்குச் சில தவளைகளின் முதுகு புள்ளியே இல்லாமல் வெறுமையாக இருக்கும்.

1922இல் ஆல்ஃபிரட் வீட் என்ற விலங்கியலாளர் இவற்றைத் தனி இனம் என்றே கருதி, ‘ரானா பர்ன்சி’ என்று பெயரிட்டார். இருபது ஆண்டு கழித்து ஜான் மூர் என்பவர் இவற்றைப் புள்ளித் தவளைகளோடு இணைசேர்த்துப் பார்த்தார். இது தனி இனமே அல்ல, ஒரே ஒரு மரபணுவில் உள்ள வேறுபாடுதான் என்று தெரிந்தது.

தவளைத் தோலின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். தோலுக்குள் மூன்று வகை நிறச் செல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே மஞ்சள் நிறமி. நடுவே ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிகங்கள். அடியில் கறுப்பு நிறமி. படிகங்கள் அனுப்பும் நீல ஒளி மஞ்சள் அடுக்கைக் கடந்து வரும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. கறுப்பு நிறமிச் செல்கள் நெருங்கிக் கூடிய இடம்தான் கரும்புள்ளி. அவை அப்படிக் கூடுமா கூடாதா என்பதை மாற்றிவிடுகிறது நாம் பேசும் மரபணு.

ஒவ்வொரு தவளையிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கும்: தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. இரண்டில் ஒன்று ‘புள்ளி வேண்டாம்’ வகையாக இருந்தாலே போதும், முதுகு வெறுமையாகிவிடும். இப்படி ஒற்றைப் பிரதியிலேயே வெளிப்படுவதை ஓங்கு பண்பு என்கிறோம். இரண்டு பிரதியும் ஒத்திருந்தால்தான் தெரியும் என்றால் அது ஒடுங்கு பண்பு. இங்கே புள்ளிதான் ஒடுங்கு பண்பு.

இந்த இடத்தில்தான் அநேகமாக எல்லோரும் தடுக்குகிறோம். ஓங்கு பண்பு என்றால் மற்றதை அழுத்திக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை பெருக வேண்டாமா? மினசோட்டாத் தவளைகளெல்லாம் இந்நேரம் புள்ளியை இழந்திருக்க வேண்டாமா?

டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பாலில் கொஞ்சம் டிகாக்‌ஷன் விட்டாலே பால் முழுக்க நிறம் மாறிவிடும். அதற்காகப் பக்கத்து டம்ளரில் இருக்கும் பால் நிறம் மாறுமா? ஓங்கும் தன்மை செல்லுபடியாவது ஓர் உடலுக்குள் மட்டும். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நூறு தவளைகளில் பத்துக்குப் புள்ளி இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த மரபணு வகை அரிது என்பதால் அந்தப் பத்திடமும் அநேகமாக ‘புள்ளி வேண்டாம்’ பிரதி ஒவ்வொன்றுதான் இருக்கும். துணையும் பெரும்பாலும் புள்ளித் தவளையாகவே அமையும். முட்டைகள் ஆயிரக்கணக்கில் இட்டாலும், சராசரியாக ஒரு ஜோடிக்கு இரண்டு பிள்ளைகள் பிழைத்து வளர்ந்தால்தான் கூட்டம் அதே அளவில் நிற்கும். பத்து ஜோடிக்கு இருபது பிள்ளைகள். புள்ளியில்லாத பெற்றோர் தன் இரண்டு பிரதிகளில் ஏதேனும் ஒன்றைத்தான் தர முடியும் என்பதால், இருபதில் பாதிக்குத்தான் ‘புள்ளி வேண்டாம்’ பிரதி போய்ச் சேரும். மீதி எண்பது புள்ளித் தவளைகளுக்கும் பிறப்பவை புள்ளித் தவளைகளே. ஆக, பத்து இருந்த இடத்தில் மறுபடி பத்து.

இதே குழப்பம் நூறாண்டுக்கு முன் அறிஞர்களிடமும் இருந்தது. கேம்பிரிட்ஜில் மரபியலாளர் பன்னெட் இந்தச் சிக்கலைத் தன் கிரிக்கெட் தோழரான கணித அறிஞரிடம் கொண்டுபோனார். அவர் 1908இல் மிக எளிய கணக்கில் விடை எழுதினார். அந்தக் கணித அறிஞர்தான் நம் ராமானுஜனைப் பிறகு கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி. அதே ஆண்டு ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க்கும் தனியாக அதே விடையைக் கண்டிருந்ததால், இன்று அது ஹார்டி–வைன்பெர்க் விதி.

அப்படியானால் எண்ணிக்கை எப்போது மாறும்? பிழைப்பதில் வேறுபாடு வரும்போது. 1960களில் டேவிட் மெரில் மினசோட்டாவில் தவளைகளை எண்ணிப் பார்த்தார். குளிர்காலத்தைத் தாண்டி வந்தவற்றில் புள்ளியில்லாதவற்றின் பங்கு கூடியிருந்தது. அதற்குக் காரணம் அந்தக் குளிரில் அவை கூடுதலாகப் பிழைத்ததுதான். ஓங்கு பண்பு என்பதல்ல. ஒடுங்கு பண்பு ஒன்று பிழைப்புக்கு உதவினால் அதுவும் இப்படித்தான் கூடும்.

நம் ரத்தத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஓ வகை ரத்தம் ஒடுங்கு பண்பு. ஏ, பி இரண்டும் அதன்மேல் ஓங்குபவை. ஆனாலும் தமிழ்நாட்டில் அதிகம் பேருக்கு இருப்பது ஓ வகைதான்.