கூட்டமில்லாத நாளில் மலாக்கா பார்ப்போம்!

மலாக்கா நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. சுங்கை ரம்பாயில் ஏறி மெர்லிமாவ் வழியாகப் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் வாசக அன்பர்களே, கடைசியாக நீங்கள் மலாக்காவுக்குப் போனது எதற்காக? ஆஸ்பத்திரிக்கு, அடையாள அட்டை எடுக்க, பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்க, தீபாவளிக்குத் துணிமணி எடுக்க. காரியம் முடிந்ததும் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறோம்.

ஒரு நாள் வகுப்பில், "மலாக்காவில் நீங்கள் என்ன பார்த்திருக்கிறீர்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு பையன் எழுந்து நின்று, "தாத்தாவைப் பார்த்தேன் சார். வார்டுல படுத்திருந்தாரு" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் காட்டியதைத்தானே அவன் பார்த்திருக்கிறான்?

மலாக்கா ஒரு காலத்தில் பேரரசு ஒன்றின் தலைநகர். பினாங்கு ஜார்ஜ்டவுனுடன் சேர்த்து 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அதைப் பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற நாம்தான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. ஆகவே இந்த ஆண்டு குடும்பத்தோடு அங்கே ஓர் இரவு தங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். "அதெல்லாம் பணக்காரர் செய்வது" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கூட்டமில்லாத காலத்தைத் தேர்ந்தெடுத்தால் நம்மாலும் முடியும்.

வெள்ளைக்காரர் செய்யும் உபாயம்

கிரேக்க நாட்டின் தலைநகர் ஏதென்ஸைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கோடைக்காலத்தில் அங்கே வெயில் நெருப்பாய்க் கொளுத்தும், கூட்டமும் அலைமோதும். 2023 ஜூலையில் வெப்பம் தாங்க முடியாமல், அக்ரோபோலிஸ் குன்றை நண்பகல் நேரத்தில் பார்வையாளருக்கு மூடியே வைத்தார்கள். விவரம் தெரிந்த பயணிகள் அந்தக் காலத்தில் போகமாட்டார்கள். குளிர்காலத்தில், அதாவது ஜனவரி பிப்ரவரியில் போவார்கள். அப்போது மழை தூறும், பகல் சீக்கிரம் சாய்ந்துவிடும். ஆனாலும் அறை வாடகை இறங்கியிருக்கும், வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் அரசாங்கப் பராமரிப்பிலுள்ள பழைய தலங்களுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

ஊரார் போகாத நேரத்தில் போனால் செலவு பாதி, நிம்மதி இரட்டிப்பு என்பதுதான் இந்த உபாயத்தின் சாரம். இதற்குக் கப்பலும் விமானமும் ஏற வேண்டுமா? மலாக்காவுக்குப் போகவும் இதே உபாயம் செல்லும்.

நமக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆனால் ரப்பர் மரத்துக்கு இலையுதிர் காலம் உண்டு என்பது பால் வெட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்ந்து, மரம் மொட்டையாகி, புதுத் தளிர் விடும். அப்போது பால் குறையும். சில இடங்களில் வெட்டையே நிறுத்தி வைப்பார்கள். இன்று நம்மவர் பலர் வேலை செய்யும் செம்பனைத் தோட்டங்களிலும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் குலை குறைவாக இருக்கும். மலாக்காவில் மழையும் அப்போது குறைவு.

வேலை இளைப்பாறும் அந்தக் காலம் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் வரும்படியும் அப்போதுதான் குறையும். எனவே பால் பெருகும் மாதங்களிலேயே பணத்தை ஒதுக்கிவிட வேண்டும். எறும்புக்குத் தெரிந்த இந்தக் கணக்கு நமக்குத் தெரியாதா?

எந்த நாளில் போவது?

ஜூன், டிசம்பர் மாதங்களில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. மலாக்கா நிரம்பி வழியும். சீனப் புத்தாண்டையொட்டிய நாள்களும் அப்படியே. நீண்ட வார இறுதி என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும். சந்தை பார்க்க ஆசைப்பட்டால் அன்று போங்கள், ஊர் பார்க்க வேண்டுமென்றால் மற்ற நாள்களில் போங்கள்.

"வார நாளில் போனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்ன ஆவது?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கு மட்டம் போடச் சொல்ல நான் வாத்தியார் ஆகவில்லை! பள்ளித் தவணை விடுமுறையில் நடுவில் வரும் செவ்வாய், புதன் போன்ற நாள்களைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் பள்ளி நாள்காட்டி மாறி மாறி வந்திருப்பதால், தேதிகளை உங்கள் பள்ளியிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெரியவர்கள் லீவுக்கு என்ன செய்வது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை உண்டு. இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். இது சட்டம் விதித்த குறைந்த அளவு. அந்த நாள்களைச் சாவுக்கும் சடங்குக்கும் மட்டுமே செலவழிக்கிறோம். அவற்றில் இரண்டு நாளைக் குடும்பத்துக்கென்று எடுத்தால் என்ன?

உண்டியல் கணக்கு

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அரிசி, பருப்பு, பஸ் காசு, கடன் என்று கழித்தால் என்ன மிஞ்சும் என்பது இல்லத்தரசிகளுக்குத்தான் தெரியும். ஆகவே பெரிய தொகையாக எண்ண வேண்டாம். மாதம் 50 வெள்ளி என்றால் பத்து மாதத்தில் 500 வெள்ளி. முடியாதவர்கள் 30 வெள்ளி போடட்டும், அதுவே 300 ஆகும். சம்பளம் வந்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது.

சேர்ந்த பணத்தை ஐந்து உறைகளாகப் பிரியுங்கள்: பஸ்ஸுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, நுழைவுக் கட்டணத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. அறைக்குப் போன் செய்யும்போது, "வார நாளில் என்ன வாடகை, சனிக்கிழமை என்ன வாடகை?" என்று இரண்டையும் கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே விளங்கும். எத்தனை பேர் தங்கலாம் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். பல காட்சியகங்களில் நம் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. சில காட்சியகங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், பழுது பார்க்கும் வேலையும் நடக்கலாம். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டைக் கடையில் சாப்பிடுங்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கு ஓடும் நம் தாய்மார்கள், வருடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்த இடத்தில் சாப்பிடட்டும்.

முதல் நாள்: ஆற்றுக்கு இந்தப் பக்கம்

மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்திலிருந்து பழைய நகரம் கூப்பிடு தூரத்தில் இல்லை. இன்னொரு பஸ் அல்லது வாடகைக் கார் வேண்டும். பழைய நகரத்துக்குள் போய்விட்டால் எல்லாம் நடை தூரம்தான். பூவால் அலங்கரித்த மூன்று சக்கர வண்டியில் ஏறப் பிள்ளைகள் ஆசைப்பட்டால், ஏறுவதற்கு முன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள்.

சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் டச்சுச் சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்குள்ள கிறிஸ்து தேவாலயம் 1753இல் கட்டி முடிக்கப்பட்டது. வெயில் தணிந்ததும் செயின்ட் பால் குன்றில் ஏறுங்கள். 1521இல் போர்த்துகீசியர் எழுப்பிய கோயிலின் கூரையற்ற சுவர்கள் அங்கே நிற்கின்றன. தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் மீனவ மக்களிடையே தொண்டு செய்த புனித சவேரியாரின் உடல், கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுவதற்கு முன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. குன்றின் அடிவாரத்தில் ஒற்றை வாயில் ஒன்று இருக்கிறது. 1511இல் மலாக்காவைப் பிடித்த அல்புகர்க் கட்டிய கோட்டையில் எஞ்சியது அவ்வளவுதான். மற்றதை 1807 வாக்கில் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள்.

மறுநாள் காலை: ஆற்றுக்கு அந்தப் பக்கம்

காலையில் குளித்துவிட்டுப் பாலத்தைக் கடந்து தங்காசாரித் தெருவுக்குப் போங்கள். மலாயில் ஜாலான் துக்காங் எமாஸ் என்பார்கள். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1781இல் எழுந்த இந்த ஆலயமே இந்நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழமையானது. டச்சுக்காரர் வழங்கிய நிலத்தில் மலாக்கா செட்டி மக்கள் கட்டியது. பக்கத்திலேயே 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிப் பழைய சீனர் கோயிலான செங் ஹூன் தெங்கும் இருக்கின்றன. மூன்று சமயத்தாரும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள்.

அந்தப் பள்ளிவாசலின் பெயரைப் படித்ததும் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். "கிளிங்" என்று யாரோ தன்னை ஏசியது நினைவுக்கு வரும். அந்த இடத்தில் நின்றே அவர்களுக்குச் சொல்லுங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வணிகர்களைக் குறித்த சொல் அது. பிற்காலத்தில்தான் வசவாயிற்று. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் மலாக்காத் துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில்தான் நம் வணிகர்கள் இருந்தார்கள். இந்த ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தொமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் எழுதிவைத்தார். 1511க்குப் பிறகு போர்த்துகீசியர் பெண்டகாரா பதவியில் அமர்த்திய நைனா சாத்து ஒரு தமிழ் இந்து வணிகர்.

நேரமிருந்தால் காஜா பேராங்கிலுள்ள செட்டி கிராமத்துக்கும் போய் வாருங்கள். அந்த வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்து தழைத்த வம்சம் அது. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. தமிழ் பேச மறந்தாலும் தெய்வத்தையும் பொங்கலையும் அவர்கள் விடவில்லை. அங்கே அவர்களுக்கென்று ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறவாமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

இதெல்லாம் எதற்கு?

நம் பாட்டன் பூட்டன் கப்பலில் வந்து, காட்டை அழித்து, ரப்பர் நட்டு இந்த நாட்டை வளர்த்தார்கள். அது நமக்குப் பெருமை, அதில் ஐயமில்லை. மலாயாவின் முதல் ரப்பர் தோட்டங்களில் ஒன்றைத் தான் சாய் யான் என்பவர் 1896இல் நம் மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கினார். ஆனால் நம் கதை அந்த 1896இல் தொடங்கவில்லை. அதற்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் இங்கே கணக்கு எழுதினான், கப்பல் ஓட்டினான். "நாமெல்லாம் தோட்டத்து ஆளுங்கதானே" என்று தலைகுனிந்து பேசும் பிள்ளைக்கு, இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்தத் தெருவில் நடந்து தெரிந்துகொள்வது வேறு.

கூட்டமான நாளில் போனால் பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். கூட்டமில்லாத நாளில்தான் நின்று பார்க்கவும், பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் முடியும். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். குன்றில் ஏற முடியாவிட்டாலும் பொய்யாத விநாயகர் சந்நிதியில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கும். இந்தச் சம்பள நாளிலேயே உண்டியலில் முதல் வெள்ளியைப் போட்டுவிடுங்கள். அடுத்த இலையுதிர் காலம் அதிக தூரத்தில் இல்லை.