நள்ளிரவில் எழுப்பும் தலைவலி: மணியைக் குறித்து வையுங்கள்

உறக்கத்தைக் கலைக்கும் தலைவலியோடு மருத்துவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் வலியின் கடுமையைப் பற்றியே பேசுகிறார்கள். "எத்தனை மணிக்கு வருகிறது?" என்று கேட்டால், உடன் வந்த மனைவியோ மகளோதான் விடை சொல்கிறார்: "தினமும் ராத்திரி இரண்டு மணிக்குங்க, ஐயா." நோயைக் கண்டறிய மிகவும் உதவக்கூடிய செய்தி பல வேளைகளில் அந்த விடையில்தான் இருக்கிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றின் அன்றாட ஒழுங்கைக் காப்பது அதுவே. அரிய தலைவலிகள் சில, கடிகாரம் வைத்தாற்போல் ஒரே நேரத்தில் வருவதற்கு இப்பகுதியோடு தொடர்பு இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அவற்றுள் இரண்டை இங்குக் காண்போம்.

உறக்கத் தலைவலி

ஹிப்னிக் தலைவலி எனப்படும் இதை 1988ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் நீல் ராஸ்கின் முதன்முதலில் விவரித்தார். பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கே இது வருகிறது. உறக்கத்தில் மட்டுமே தோன்றும்; நோயாளியை எழுப்பிவிடும். விழித்த பின் 15 நிமிடம் முதல் 4 மணி நேரம் வரை நீடிக்கும். மாதத்தில் பத்து நாட்களுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் இவ்வாறு வந்தால் மருத்துவர் இந்நோயை எண்ணிப் பார்ப்பார்.

இதற்குப் பலருக்குப் பயன் தரும் மருந்துகளுள் ஒன்று, கும்பகோணம் பெயர் பெற்ற அதே காபிதான். படுக்கச் செல்லுமுன் அருந்தும் ஒரு தம்ளர் திடமான காபி, அல்லது அதிலுள்ள கஃபீன் அடங்கிய மாத்திரை, இரவு வலியைத் தடுக்கக்கூடும். இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது உறக்கத்தைக் கெடுப்பதில்லை என்பது வியப்புக்குரியது. ஆயினும் நோய் இன்னதென்று உறுதியாகுமுன் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம். காபி உதவாதபோது லித்தியம், இண்டோமெத்தசின், மெலடோனின் ஆகியவற்றுள் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

லித்தியம் உட்கொள்பவர்கள் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வயலில் வியர்த்து உடலின் நீர் குறைந்தால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். வலி மாத்திரைகள் பலவும் அதை உயர்த்தும். ஆகவே கடையில் எந்த மாத்திரை வாங்குமுன்னும் லித்தியம் உட்கொள்வதைச் சொல்லுங்கள்.

கொத்துத் தலைவலி

கிளஸ்டர் தலைவலி எனப்படும் இது ஒரு பக்கக் கண்ணையும் நெற்றிப்பொட்டையும் சுற்றிக் குடைவது போல் வரும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் நீடிக்கும்; ஒரு நாளில் எட்டு முறை வரையிலும் வரலாம். அதே பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், இமை தாழும். மைக்ரேன் உள்ளவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க விரும்புவார். கொத்துத் தலைவலி உள்ளவரோ படுக்க முடியாமல் திண்ணைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். இந்த வேறுபாட்டைக் கவனிக்கக்கூடியவர்கள் வீட்டாரே.

மூக்கும் கண்ணும் ஒழுகுவதால் இதைச் சைனஸ் என்று எண்ணிப் பல ஆண்டுகள் மருந்து உண்டவர்களும், பல் வலி என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. வலி சில வாரங்கள் தொடர்ந்து வந்து, பின் பல மாதங்கள் மறைந்து, பலருக்கு ஆண்டின் அதே பருவத்தில் திரும்பும். தேதி நினைவில்லை என்று தயங்க வேண்டாம். "சென்ற ஆண்டு குறுவை அறுப்பின்போது வந்தது, இவ்வாண்டும் அதே சமயத்தில்தான்" என்று சொன்னாலே மருத்துவருக்குப் பேருதவி.

வலி வந்தவுடன் முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவில் 15 நிமிடம் சுவாசிப்பது நல்ல பலன் தரும். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆக்சிஜன் அளித்த தாக்குதல்களில் 78 விழுக்காடு 15 நிமிடத்தில் தணிந்தன. வெறுங்காற்று அளித்தவற்றில் 20 விழுக்காடே தணிந்தன. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிலிண்டரை வீட்டில் வைத்திருப்போர் அதனருகே பூசை விளக்கோ, பீடியோ, அடுப்போ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமாட்ரிப்டான் ஊசியும் விரைவில் பயன் தரும். இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. வலி மீண்டும் வராமல் தடுக்க வெராபமில் தரப்படுகிறது. அதற்கு ஈசிஜி பரிசோதனை அவசியம். வலி வரும் காலத்தில் மதுவை அறவே தவிர்க்க வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு

இரவிலும் விடியலிலும் வரும் தலைவலி எல்லாம் அரிய நோயன்று. குறட்டையோடு மூச்சு தடைப்படுதல், உயர் இரத்த அழுத்தம், இன்சுலின் போடுபவர்களுக்கு இரவில் சர்க்கரை குறைதல் ஆகியவையும் காரணமாகலாம். நடவு, அறுப்புக் காலங்களில் உடல் வலிக்காக அன்றாடம் மாத்திரை போடும் வழக்கமும் அவ்வாறே. தலைவலி உள்ளவர் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வலி மாத்திரை உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் காத்து இரவுகளைக் கழிப்போர், திரும்பியதும் உறங்கும் நேரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தலைவலி வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைக் காணுங்கள். அதனுடன் மெல்லும்போது தாடை வலியோ, தலை வாரும்போது உச்சியில் நோவோ இருந்தால், பொட்டு இரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை பறிபோகும். இடி விழுந்தாற்போல் திடீரென வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குளறல், வலிப்பு ஆகியவற்றுக்கு உடனே 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு

நள்ளிரவில் நடப்பவரைப் பிடித்துப் படுக்கவைக்க முயல வேண்டாம். "எல்லாம் மனக்கவலை" என்றும் சொல்ல வேண்டாம். வலியின் கடுமையால் வாழ்வே வேண்டாம் என்று அவர் சொன்னால், அதை வெறும் பேச்சாகக் கருதாமல் தனியே விடாதிருங்கள், மருத்துவரிடம் தெரிவியுங்கள். டெலிமானஸ் உதவி எண் 14416 இரவிலும் இயங்குகிறது.

தலைமாட்டில் ஒரு நாட்காட்டியும் பென்சிலும் வையுங்கள். வலி தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், கண்ணீர் வடிந்ததா, நடந்தாரா படுத்தாரா, என்ன மாத்திரை என்ற ஆறு குறிப்புகளை ஒரு மாதம் எழுதி வந்தால் போதும். அவசர அறிகுறிகள் இருந்தால் மட்டும் அந்த ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது.