மாட்டேறும் மின்சுற்றுப் படமும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கின் தேயிலைச் சரிவுகளுக்கு வடபால் ஓடுவது தெலோம் ஆறு. அதன் நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பப்பெற்று, 1963ஆம் ஆண்டில் முடிவுற்ற ரிங்லெட் அணையில் தேங்குகிறது. மீண்டும் சுரங்கம் புகுந்து, பேராக் மாநிலத்தில் நிலத்தடியே அமைந்த ஜோர் மின்நிலையத்தின் நான்கு பொறிகளைச் சுழற்றுகிறது. நான்கும் கூடித் தரும் ஆற்றல் 100 மெகாவாட்.

இத்தகைய நிலையம் ஒன்றின் மின்சுற்றை ஒரே தாளில் வரைந்துவிட இயலுமா? வரைந்தாலும் அதனைப் படிப்பார் யார்? ஆதலின் பொறியாளர் அதனை அடுக்கடுக்காகப் பகுப்பர். முதல் தாளில் நான்கு கட்டங்கள் மட்டும் இருக்கும். கட்டம் ஒன்று பொறி ஒன்றைக் குறிக்கும். அதன் உள்ளடக்கம் வேறொரு தாளில் விரியும். அத்தாளிலும் காப்புச் சுற்று என ஒரு சிறு கட்டம் நிற்கும். அது மற்றொரு தாளில் விரியும். அதிகாரம், இயல், நூற்பா என இறங்கும் தொல்காப்பியத்தில் பழகியவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று.

கட்டத்தின் ஓரத்தில் கம்பி நுழையும் வாயிலுக்கு ஒரு பெயர் உண்டு. உள்தாளில் அக்கம்பி தொடங்கும் இடத்திலும் அதே பெயர் எழுத்துப் பிசகாமல் இருத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறினும் கணினி அவற்றை ஒன்றாகக் கொள்ளாது. கட்டுரை ஏடு திருத்தும் ஆசிரியர்கூட இத்துணைக் கண்டிப்புக் காட்டுவதில்லை.

பொறிகள் நான்கும் ஒரு தன்மையன எனின் உள்தாளை நான்கு முறை வரைய வேண்டுவதில்லை. ஒருமுறை வரைந்து நான்கு கட்டங்களும் அதனையே சுட்டுமாறு செய்யலாம். ஆகார ஈற்றின் புணர்ச்சியை மீண்டும் விரிக்காமல், அது அகர ஈற்றின் இயல்பினது என்று தொல்காப்பியர் கூறிச் செல்வதை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பர். இதுவும் மாட்டேறே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: தாள் ஒன்றேயாயினும் அதிலுள்ள ரிலே முதற்பொறியில் 'கே 101' என்றும், இரண்டாம் பொறியில் 'கே 201' என்றும் தனித்தனிப் பெயர் பெறும். படிப்பவர் எந்தப் பொறியின் வழியே உள்ளே வந்தார் என்பது தெரிந்தாலன்றி எந்த ரிலேயைத் தொடுவது என்பது தெரியாது. இங்கே தவறினால் ஓடிக்கொண்டிருக்கும் பொறி நின்றுபோகும்.

பழைய காகிதப் படங்களில் கம்பியின் முனையில் 'தாள் 14' என்று குறிப்பர். இடையில் ஒரு தாள் சேர்ந்தால் பின்வரும் எண்களெல்லாம் பிழையாகும். இளம்பூரணர் ஒன்றாகக் கொண்ட நூற்பாவை மற்றோர் உரையாசிரியர் இரண்டாகப் பகுத்தால், அதன்பின் எண் கொண்டு தேடுவோர் இடர்ப்படுவது போன்றதே இது.

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப் வடிவம் இக்குறையைத் தீர்க்க உதவுகிறது. கட்டத்தின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பரப்பை வைத்து, அதனைச் சொடுக்கினால் உரிய பக்கம் திறக்குமாறு செய்யலாம். ஓரத்தில் தாள்களின் அடுக்கு பொருளடக்கமாக விரியும். பிரான்சில் ழான்-பியேர் ஷாரா 1992இல் தொடங்கிய கீகேட் என்னும் இலவச மென்பொருள், 2023இல் வந்த 7ஆம் பதிப்பில் இவ்வசதிகளைத் தந்தது. அதில் ஒரே தாள் நான்கு முறை பயன்பட்டிருப்பின், கோப்பில் நான்கு பக்கங்களாகத் தத்தம் பெயர்களுடன் நிற்கும்.

இங்கே பலர் வழுவுகின்றனர். அச்சுப்பொறிக்கு அனுப்புவது போலப் படத்தை அனுப்பிக் கோப்பாகச் சேமித்தால் கோடுகள் அனைத்தும் வரும், தொடுப்புகள் வாரா. பார்வைக்கு இரு கோப்புகளும் ஒன்றே. எழுத்துகளும் வெறுங்கோடுகளாக மாறிவிடின் 'கே 201' என்று தேடினாலும் கிட்டாது. வருடிப் படமாக மட்டும் சேமித்த பழந்தமிழ் நூல்களில் ஒரு சொல்லைத் தேடுவோர் படும் பாடு இதுதான். உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் அரிதின் தொகுத்த ஒப்புமைப் பகுதிகள், அத்தகைய படக்கோப்பில் விரல் தொட்டும் அசைவதில்லை.

இறங்குவதற்கு வழி வைப்போர் ஏறுவதற்கு வைக்க மறப்பதும் உண்டு. காப்புச் சுற்றின் தாளில் நிற்பவர் தாம் எப்பொறிக்குரிய தாளில் இருக்கிறோம் என்றறிய, மேல்தாளுக்குத் திரும்பும் தொடுப்பும், தாளின் மூலையில் 'பொறி 2 / காப்புச் சுற்று' என்றாற்போல் முழுவழியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கோப்பை அனுப்புமுன் கடைசித் தாளைத் திறந்து, அங்கிருந்து முதல் தாள் வரை ஏறிப் பார்த்துவிட்டால் விடுபட்டது எதுவென்று தெரிந்துவிடும்.