டம்ளர் ஆறும்... அண்டா ஆறாது!

சிவகாசியின் தொழில் வரலாறே ஒரு செய்முறைப் பயிற்சியில்தான் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழிலைச் செய்து பழகித் திரும்பி, 1923-ல் சொந்த ஊரில் ஆரம்பித்தார்கள்.

இன்றைய கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கும் அந்தக் கைப்பழக்கம் அவசியம். காரணம், லேபில் நடப்பது அப்படியே ஃபேக்டரியில் நடக்காது!

ஒரு டம்ளர் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். அண்டா நிறைய இருந்தால் ஆறவே ஆறாது. பட்டாசு மருந்தும் அப்படித்தான். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் சூடு கிளம்பும். ஒரு சிட்டிகை என்றால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவியலாக இருந்தால்? நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் மருந்து எட்டு மடங்காகும். சூடு வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். உள்ளே தங்கும் சூடு ஏறி ஏறி, கடைசியில் தீயாகும்.

லேபில் தெர்மாமீட்டரோடு நின்று இதைப் பார்த்த மாணவருக்குத்தான் டிசைன் வகுப்பு புரியும். மருந்து கலக்கும் அறைகள் ஏன் சின்னதாக, தள்ளித் தள்ளி இருக்கின்றன? ஓர் அறையில் இவ்வளவு மருந்து, இத்தனை பேர் என்று ஏன் வரம்பு? மருந்து அளவுக்கான வரம்புக்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். அறைகளைத் தள்ளி வைப்பதும் ஆட்களுக்கு வரம்பு வைப்பதும், ஓர் அறையில் வெடித்தால் அது பரவாமல், உயிரிழப்பு குறைய வேண்டும் என்பதற்காக.

2012 செப்டம்பர் 5-ம் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும்கூடத் தப்பவில்லை. டிசைன் தாளில் மாணவர் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் உயிர்கள் இருக்கின்றன.