இரண்டு தரிசனங்களுக்கு நடுவே

காலத்தைக் கணக்குப் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கென்று தனி அளவு ஒன்று இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1939, 1979, 2019. வாழ்நாளில் இரண்டு முறை பார்த்தவர் கொடுத்துவைத்தவர்.

1979இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்து நான்கே ஆண்டு. அத்திவரதர் எழுந்தருளிய சேதி பத்திரிகை வழியாகவும் வாய்வழியாகவுமே ஊர் ஊராகப் போனது. 2019இல் ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை, ஒவ்வொரு நாள் அலங்காரமும் விடிந்த சில நிமிடங்களில் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நின்ற கோலம். நாளுக்கொரு நிறத்தில் பட்டு. ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. சின்ன காஞ்சிபுரத்தின் தெருக்கள் அத்தனை கூட்டத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. நெரிசலில் சிலர் உயிரையும் விட்டார்கள். தரிசனத்துக்கு வந்தவர் பிணமாகத் திரும்புவதை எந்தப் பக்தியும் நியாயப்படுத்தாது.

பிரான்ஸில் லூர்து என்று ஒரு சிற்றூர் உண்டு. 1858இல் அங்கே ஒரு சிறுமிக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்ட பிறகு, யாத்திரிகர்களை நம்பியே வளர்ந்த ஊர் அது. காஞ்சி அப்படி இல்லை. இங்கே சாமி கும்பிட வருகிறவர்களை நம்பி மட்டும் அடுப்பு எரிந்ததில்லை, தறி இருந்தது. பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் போனால், தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் வண்டிக்காரர்தான் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வீட்டுக்குள் தறிக்குழி. சாலியர், செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று பல சமூகத்தாருக்கும் அதுவே சோறு.

அந்தத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை. மூன்று நாடா ஓடும். உடலுக்கான நாடாவையும் ஒரு கரையின் நாடாவையும் நெசவாளர் பார்த்துக்கொள்வார். மற்ற கரையின் நாடாவைப் பக்கத்தில் இருப்பவர் போடவேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு நிறமும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கையில்தான் ரம்பப் பல் போன்ற கோபுரக் கரை பிறக்கிறது. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெரியவர்கள் சொன்னது இந்தப் பிடிப்பை வைத்துத்தான்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்தது யார்? பெரும்பாலும் ஒரு குழந்தை. வாங்கிய கடனுக்காக அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தப் பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போனது இந்த ஊருக்கு நடந்த மிக நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் அந்த இடத்தில் உட்கார ஒரு பெரியவருக்கு என்ன கூலி தரவேண்டுமோ, அதைச் சேலையின் விலையில் சேர்க்க வியாபாரம் முன்வரவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் பெருகின. மாதச் சம்பளமும் கம்பெனி பஸ்ஸும் இருக்கும்போது, வாரக் கணக்கில் ஒரு சேலையோடு மல்லுக்கட்ட எந்தப் பிள்ளை வருவான்? வரவில்லை என்று அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சில சேலை வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்க 1985லேயே சட்டம் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்பனையாகிறது. கைத்தறியிலும், ஒரே ஆள் ஒற்றை நாடாவில் முடித்துவிடும் சேலை பெருகிவிட்டது. காந்தி சாலைக் கடைகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காலையில் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர், மதியம் பட்டுக்கடை, சாயங்காலம் வீடு. நெசவாளர் தெருவுக்குள் அவர்களின் கார்கள் திரும்புவதில்லை. தறியால் பிழைத்த ஊர், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஊராகிக்கொண்டிருக்கிறது. என் கவலை அதுதான்.

அடுத்த தரிசனம் 2059இல். அப்போதும் பெருமாளுக்குப் பட்டுச் சாத்துவார்கள். அது கோர்வையாக இருக்கவேண்டுமானால், இன்று கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறவர்கள் கடையில் அதைத் திருப்பிப் பார்க்கவேண்டும். கரையின் பின்பக்கத்தில் உடலின் நிறம் கலந்து தெரிந்தால் அது ஒற்றை நாடா. கரை தன் நிறத்திலேயே நின்று, சேருமிடத்தில் இரண்டு நிறமும் கோத்திருந்தால் கோர்வை. கோர்வைக்கு விலை கூடத்தான் சொல்வார்கள். அந்தக் கூடுதலில் இரண்டாவது ஆளின் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள்.